பிறந்த இடம்: பஹ்ரைன்

1

எல்லாம் என் மகன் எடுத்த ஒரு சீட்டில் தொடங்கியது.

கவினுக்கு அப்போது பதின்மூன்று வயது. டெக்ஸஸில் ஃபிரிஸ்கோ என்கிற ஊரில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். இங்கேயே பிறந்தவன். தமிழில் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். போன வருஷம் அக்டோபரில் அவன் டீச்சர் ஒரு டப்பாவில் நாடுகளின் பெயர்களைப் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார். வந்த நாட்டைப் பற்றி நான்கு தலைப்பில் எழுதி வர வேண்டும்: புவியியல், மக்கள், அரசாங்கம், பொருளாதாரம். அவன் நண்பனுக்கு பிரேசில் வந்தது. கவினுக்கு பஹ்ரைன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "இட்ஸ் எ டாட், அம்மா. ஜஸ்ட் எ டாட்."

சனிக்கிழமை காலையில் சமையலறை மேஜையில் சார்ட்டை விரித்து உட்கார்ந்தான். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று வீடு தள்ளி இருக்கும் வித்யா, என்னை கோவிலுக்குக் கூட்டிப்போக வந்தவள், காபி குடித்துக்கொண்டிருந்தாள். கவின் தான் எழுதியதைச் சத்தமாகப் படித்தான். வளைகுடாவில் ஒரு தீவுக்கூட்டம். சவூதியோடு இணைக்கும் நீளமான கடல் பாலம். மன்னர் ஆட்சி. நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள், ஒன்றுக்கு ஓட்டுப் போடுகிறார்கள், இன்னொன்றை மன்னர் நியமிக்கிறார். முன்பு முத்துக்குளிப்பு, பிறகு எண்ணெய், இப்போது அலுமினியமும் வங்கிகளும். 'மக்கள்' கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

"மோர் தான் ஹாஃப் ஆர் ஃபாரினர்ஸ். ஹவ் இஸ் தட் ஈவன் பாஸிபிள்?"

"அந்த ஃபாரினர்ல நாங்களும் இருந்தோம்டா. நான் பொறந்ததே அங்கதான்" என்றேன். நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

கவின் பேனாவை வைத்தான். "வெயிட். வாட்?"

வித்யா டம்ளரை வைத்தாள். "பத்மா, நீ எங்க பொறந்த?"

"பஹ்ரைன்ல. அப்பா அங்க வேலை பார்த்தாங்க. எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது ஊருக்கு வந்துட்டோம்."

"செந்திலுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"உங்க லாயருக்கு?"

லாயருக்கு அது எதற்குத் தெரிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வித்யாவின் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று நாங்கள் கோவிலுக்குப் போகவில்லை.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வேலை விசாவில் வந்தவர்களுக்கு கிரீன் கார்டு என்பது ஒரு வரிசை. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்று அந்த வரிசை பார்ப்பதில்லை, எந்த மண்ணில் பிறந்தீர்கள் என்று பார்க்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை முடிவே இல்லாதது. உள்ளே நுழைந்தவர்கள் நரைத்த தலையோடு வெளியே வருவார்கள், அல்லது வரமாட்டார்கள். சின்ன நாடுகளில் பிறந்தவர்களுக்கு வரிசை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கணவன் மனைவி இருவரில் ஒருவர் அப்படிப் பிறந்திருந்தாலும் இரண்டு பேரும் அந்த வழியாகப் போகலாம்.

நடுவில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். இருபத்தொன்று முடிந்தால் அப்பா அம்மாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளையாக இருந்தாலும், வேறு விசா தேடிக்கொள்ள வேண்டும், அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும்.

வித்யாவின் ஒரே மகன் ரோஹித் அப்படிப் போனவன். டொரொண்டோவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து இரண்டு பெட்டியோடு கிளம்பிப் போனான். அவனுக்காகப் படித்துப் படித்து அவள் பாதி வக்கீல் ஆகிவிட்டாள். படித்த எதுவும் அவனுக்கு உதவவில்லை.

எங்கள் மகள் இனியா கோயம்புத்தூரில் பிறந்தவள். ஐந்து வயதில் வந்தாள். அப்போது ஆஸ்டினில் காலேஜ் மூன்றாம் வருஷம். அடுத்து வரும் மே மாதம் அவளுக்கு இருபத்தொன்று.

அக்டோபரில் இருந்து மே வரைக்கும் வித்யா விரல் விட்டு எண்ணினாள். "ஏழு மாசம் இருக்கு. போதும். உன் பாஸ்போர்ட்ல பிறந்த இடம் என்ன போட்டிருக்கு?"

எடுத்து வந்து காட்டினேன். பாளையங்கோட்டை.

3

பஹ்ரைனைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. கவினின் சார்ட்டில் இருந்த பாதி விஷயங்கள் எனக்கே புதிது.

அப்பா கப்பல்களைப் பழுது பார்க்கும் இடத்தில் எலெக்ட்ரிகல் ஃபோர்மேன். மனாமாவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலில் பொருத்திய ஏசி ஒழுகும். கீழே ஒரு தகர டின் வைத்திருப்போம். வெள்ளிக்கிழமை ஜோசப் அங்கிள், அப்பாவோடு வேலை பார்த்த கோட்டயத்துக்காரர், தன் காரில் எங்களை அந்தக் கடல் பாலத்தில் கூட்டிப்போவார். பாலத்தின் நடுவில் ஒரு தீவு உண்டு. அதுவரைக்கும்தான் போகலாம். அதற்கு அப்பால் சவூதி, எங்களுக்கு விசா கிடையாது. அங்கே இறங்கி, தூரத்தில் தெரிகிற இன்னொரு நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். எனக்கு அதுவே பெரிய பயணம்.

அந்த ஊர் எங்களுடையது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அங்கே பிறந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. அப்பாவுக்கு வேலை இருக்கும் வரை நாங்கள் இருப்போம், அவ்வளவுதான். வேலை முடிந்தது, வந்துவிட்டோம். பாளையங்கோட்டைப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே ஆபீஸ் கிளார்க் பிறந்த இடம் பாளையங்கோட்டை என்று எழுதிவிட்டார். அதை வைத்துப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அதை வைத்து பாஸ்போர்ட், அதை வைத்து அமெரிக்க விசா. ஒவ்வொரு காகிதமும் முந்தின காகிதத்தை நம்பியது. நானும் பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து படிவங்களில் எழுதி வந்தேன். பிறந்த ஊரைக் கேட்கிறார்களே, யோசித்து எழுதுவோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. யோசிக்க வேண்டிய கேள்வியா அது?

செந்திலின் கம்பெனி வைத்திருக்கும் வக்கீலோடு வீடியோவில் பேசினோம். நிதானமான பெண். நான் சொன்னதை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நிரூபணமானால் நீங்கள் இந்திய வரிசையில் நிற்கவே வேண்டியதில்லை. உங்கள் கணவரின் மனு ஏற்கப்பட்டு பதினோரு வருஷம் ஆகிறது. அன்றைக்கே விண்ணப்பித்திருக்கலாம்."

செந்தில் மைக்கை மியூட் பண்ணினார். மியூட் பண்ணிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வருஷம். வேறு வேலைக்குப் போனால் காகிதம் எல்லாம் மறுபடி முதலில் இருந்து என்று பயந்து, பிடிக்காத ஒரே மேனேஜரிடம் கிடந்தார். அவர் அப்பா இறந்தபோது, ஊருக்குப் போய், திரும்பி வருவதற்கான விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும் என்று போகவில்லை. கொள்ளி வைப்பதை போனில் பார்த்தார். நான் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, வேலை பார்க்க அனுமதி வரும்வரை வருஷக்கணக்கில் செந்திலின் கார் வந்து கராஜ் கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். "பதினைந்து வருஷமாக எல்லாப் படிவத்திலும் இந்தியா என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது மாற்றினால், எது பொய் என்று கேட்பார்கள். எனக்குக் காகிதம் வேண்டும். நிறைய வேண்டும். மகள் விஷயத்தில் அவள் பிறந்தநாளுக்கு முன் விண்ணப்பம் போய்விட்டால், வயது அங்கேயே நின்றுவிடும் என்று வாதாடலாம். அநேகமாக."

அந்த 'அநேகமாக' எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருந்தது.

4

மறுநாள் காலை அப்பாவைக் கூப்பிட்டேன். பாளையங்கோட்டையில் அப்போது மாலை. அம்மா போனபிறகு அப்பா தனியாக இருக்கிறார்.

"அப்பா, என்னோட பர்த் சர்டிஃபிகேட் எங்க இருக்கு? பஹ்ரைன்ல குடுத்தது."

"அது எதுக்கு இப்பம்?"

சொன்னேன். அவருக்கு வரிசை கணக்கு எதுவும் பிடிபடவில்லை. இனியா பெயரைச் சொன்னதும் உஷாரானார்.

"அது இல்லம்மா. வீடு மாறுதப்ப ஒரு பெட்டி காணாமப் போச்சுல்லா, அதுல போயிட்டு. உங்கம்மா பழைய பாஸ்போர்ட்டு இருக்கு. அதுல உன் பேரு சேத்திருப்பாங்க, மனாமா எம்பசி முத்திரையோட."

"சரி, அதப் பத்திரமா எடுத்து வைங்க. ஸ்கூல்ல ஏம்ப்பா அந்த ஆளு பாளையங்கோட்டைன்னு எழுதினான்? உண்மைய எழுதினா அவனுக்கு என்ன கேடு? ஒரு கிளார்க் பண்ணின வேலைல எம்பொண்ணு நடுத்தெருவுல நிக்கறா."

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அவன் என்ன செய்வான். நாந்தான் அப்படிப் போடச் சொன்னேன்."

"நீங்களா?"

"வெளிநாட்டுல பொறந்ததுன்னு போட்டா பின்னால கவர்மென்ட்டு வேலைக்கு வில்லங்கம் வரும்னு ஒருத்தன் சொன்னான். அதுவும் போக..."

"அதுவும் போக என்ன?"

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்க விசா முத்திரைக்கு நின்னு நின்னு எனக்கு வெறுத்துப் போச்சு. பதினாலு வருசம் உழைச்சிருக்கேன். கடைசியில ஒரு தாள நீட்டி போயிட்டு வான்னுட்டான். அந்த ஊரு பேரு எம்பிள்ள பேருக்கு நேரா இருக்கப்படாதுன்னு நெனச்சேன். தப்பா?"

தப்புதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. இவர் ஒரு நிமிஷக் கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை, முப்பத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு கண்டத்தில் என் வீட்டுக் கூரையைப் பிடித்து ஆட்டுகிறது. ஆனால் நானும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை முத்திரைக்கு நிற்பவள்தான். என் பிள்ளை இந்த ஊர்க்காரி என்று நான் யாரிடமாவது அடித்துச் சொல்லியிருக்கிறேனா?

"ஜோசப் அங்கிள் நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

5

நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் லீவுக்கு இனியாவை அழைத்துவர நானே ஆஸ்டின் போனேன். திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். போனில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த விஷயத்தை ஃப்ரீவேயில் சொல்லத் தொடங்கினேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். பிறகு எக்ஸிட் எடுத்து, ஒரு காஸ் ஸ்டேஷனில் காரை நிறுத்தினாள்.

"லெவன் இயர்ஸ்" என்றாள்.

"எங்களுக்கே இப்பதான் தெரியும், இனியா."

"ஹைஸ்கூல்ல மீராவும் அவளோட கேங்கும் ஐஸ்க்ரீம் கடைல வேலை பண்ணாங்கல்ல? என்னையும் கூப்ட்டாங்க. எனக்கு மில்க் அலர்ஜின்னு சொன்னேன். நாலு வருஷம் அவங்க முன்னாடி நான் ஐஸ்க்ரீமே சாப்பிடல. பிகாஸ் ஐ குட்ன்ட் சே விசா."

எங்கள் விசாவில் ஒட்டியிருக்கும் பிள்ளைகள் வேலை பார்க்கக் கூடாது என்பது தெரியும், இந்த அலர்ஜி கதை எனக்குத் தெரியாது. "எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ எங்க பொறந்தன்னு நீ எங்கிட்ட சொன்னியா? வீ ஆர் ஈவன்."

ஸ்காலர்ஷிப் ஒன்று, கோடையில் இன்டர்ன்ஷிப் இரண்டு என்று விட்டுப்போனதையெல்லாம் அடுக்கினாள். ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறுவதற்கான தாள்களை அவளே தயார் செய்து வைத்திருந்தாள். ஆறு மாதமாக அதைத் தனியாகச் செய்திருக்கிறாள், எங்களுக்குக் கவலை கொடுக்க வேண்டாம் என்று.

"ஐ'ல் சைன் எவ்ரிதிங்" என்றாள் கடைசியில். "நீ சொல்ற எடத்துல எல்லாம் கையெழுத்துப் போடறேன். பட் ஹாப்பியா இருன்னு சொல்லாத."

சொல்லவில்லை. அவள் காரை மறுபடி ஃப்ரீவேயில் ஏற்றினாள்.

6

ஜோசப் அங்கிள் இன்னும் மனாமாவில்தான் இருந்தார். வேலையை விட்டபிறகு மகனோடு சேர்ந்து எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறார். எழுபது தாண்டியும் குரல் அப்படியே இருந்தது.

"பத்மா மோளே! நீ அமெரிக்காவிலா? உன்ன ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தது என் கார்ல ஆணு."

இந்த ஒரு வாக்கியத்தை நோட்டரி முன்னால் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் அனுப்பிய அதிகாரப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். இரண்டாவது தடவை போனபோது, அங்கே இருந்த ஒரு பெண் பழைய பதிவேட்டில் இருந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "இவர் இங்கே பிறந்தவர்தானே, இத்தனை வருஷம் ஏன் கேட்டு வரவில்லை?" என்று அந்தப் பெண் கேட்டதாக அங்கிள் சொன்னார். அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். மறந்துபோச்சு என்று சொன்னாராம்.

எவரையெல்லாமோ கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நான் பயந்தது அந்தச் சின்ன நாட்டை நினைத்துத்தான். எனக்கு முதலில் காகிதம் கொடுத்தது அந்த நாடுதான்.

ஜனவரி முதல் வாரம், இனியா லீவில் வீட்டில் இருந்தபோது, கூரியர் வந்தது. ஆரஞ்சு நிற உறையைப் பிரித்து, நான்கு பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். மேலே அரபி, கீழே ஆங்கிலம். பிறந்த இடம் மனாமா. அப்பா பெயர், 'பெருமாள்'. செந்தில் ஆங்கில எழுத்துகளை இன்னொரு முறை பார்த்தார். P இருக்க வேண்டிய இடத்தில் B. என் பெயரிலும் அப்படியே.

அரபியில் P என்ற எழுத்து கிடையாது. அங்கே P எல்லாம் B ஆகிவிடும். வக்கீல் அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டு, இந்தச் சான்றிதழில் இருப்பவர் வேறு ஆளா என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அப்பாவிடம் இருந்து சத்தியப் பத்திரம் வேண்டும் என்றாள்.

அப்பாவுக்கு போனில் விளக்கினேன்.

"அப்பா, உங்க பேர 'பி' போட்டு எழுதிட்டாங்க."

"எம்பேரு 'பி'தான."

"இது வேற பி. பாம்பே பி. உங்களுது பாரிஸ் பி."

"ரெண்டும் பானாதானம்மா."

அவர் சொல்வது சரி. தமிழில் எழுதினால் ஒரு வித்தியாசமும் இல்லை. பிரச்சினையே இல்லாத ஒரு மொழியில் இருந்துகொண்டு, இல்லாத பிரச்சினைக்குப் பத்திரம் எழுதச் சொல்கிறேன். மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நான்காம் நாள் என் பொறுமை போய்விட்டது. "நீங்க அன்னைக்கு ஒழுங்கா எழுதச் சொல்லியிருந்தா இன்னைக்கு எனக்கு இந்தத் தலையெழுத்து உண்டா?" என்று கத்தினேன். சமையலறையில் நின்ற கவின் ஓசைப்படாமல் மாடிக்குப் போய்விட்டான்.

அப்பா போனை வைத்தார். மறுநாள் பத்திரத்தின் படத்தை அனுப்பினார். கேட்டது ஒரு பிரதி, நோட்டரி முத்திரையோடு நான்கு பிரதி எடுத்திருந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, பள்ளியில் பிறந்த ஊரை மாற்றி எழுதச் சொன்னது தன் தவறு என்று இரண்டு வரி சேர்த்திருந்தார்.

வக்கீல் அந்த இரண்டு வரிதான் எங்கள் காகிதங்களிலேயே பலமானது என்றார்.

7

பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தை மாற்றுவது தனிக் கதை. போட்டோவில் காதுக்குப் பின்னால் நிழல் விழுகிறது என்று ஒரு முறை திரும்பி வந்தது. என் கையெழுத்து கட்டத்தைத் தொடுகிறது என்று இன்னொரு முறை. ஏன் இவ்வளவு தாமதமாகத் திருத்துகிறீர்கள் என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இன்னும் விளக்கமாக எழுதச் சொன்னார்கள். இதற்கு மேல் விளக்கமாக எழுத வேண்டுமானால் அப்பாவின் கோபத்தைத்தான் எழுத வேண்டும். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

ஏப்ரல் கடைசியில், இனியாவின் பிறந்தநாளுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. கைரேகை, மருத்துவப் பரிசோதனை, இன்னொரு கடிதம், இன்னொரு பதில். இந்த நவம்பரில் மூன்று கார்டுகளும் தபால் பெட்டியில் ஒன்றாக வந்தன. கவின் இங்கே பிறந்தவன், அவனுக்குத் தேவையில்லை. இனியாவுக்கு போனில் படம் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, கிளாஸுக்கு நேரமாகிறது என்று வைத்தாள்.

வித்யாவிடம் நான் இரண்டு வாரம் சொல்லவில்லை. என்ன சொல்வது? வழியைக் காட்டியவள் அவள். அவள் மகன் போன வழி வேறு. கோவில் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்துதான் சொன்னேன்.

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உண்மையான சந்தோஷம்தான், எனக்கு அவளைத் தெரியும். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா, என் மாமனாரும் கல்ஃப்லதான் இருந்தார். மஸ்கட். எங்க வீட்டுக்காரர் வயித்துல இருக்கும்போது மாமியாரும் அங்கதான் இருந்தாங்க. ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு, தலைப் பிரசவம் தாய் வீட்டுலதான்னு மாயவரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

இரண்டு மாசம். அவள் மாமியார் இரண்டு மாசம் அங்கேயே இருந்திருந்தால் ரோஹித் இப்போது இந்தக் காரில் பின் சீட்டில் இருந்திருப்பான். இதில் யார் மேல் கோபப்படுவது? ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போன அம்மா அப்பா மேலா?

"பத்மா, நீ இப்ப கனடா போலாம்ல? திரும்பி வர பிரச்சினை இல்லல்ல?"

"இல்ல."

"நான் போய் அவனப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வெளிய போனா ஸ்டாம்பிங் பண்ணாம உள்ள வர முடியாது. இவரோட வேலையும் இப்ப ஆட்டம் கண்டுட்டிருக்கு. நீ ஒரு தடவ..." முடிக்கவில்லை.

"டிக்கெட் போடறேன்" என்றேன்.

டிசம்பரில் செந்திலும் நானும் டொரொண்டோ போனோம். டாலஸில் இருந்து மூன்று மணி நேரம். பதினைந்து வருஷத்தில், திரும்பி வர விடுவார்களா என்று கணக்குப் போடாமல் நான் ஏறிய முதல் விமானம். அதை அனுபவிக்க முடியாமல் மடியில் வித்யா கொடுத்த பை இருந்தது: பருப்புப் பொடி, முறுக்கு, இரண்டு ஸ்வெட்டர், ஒரு குக்கர் கேஸ்கெட்.

ரோஹித் இருந்தது பதினான்காவது மாடியில் ஒரே அறை. கதவைத் திறந்ததும், "ஆன்ட்டி, உள்ள வாங்க, ஷூ கழட்டாதீங்க, தரை சில்லுன்னு இருக்கும்" என்றான். தமிழில்தான் பேசினான். ஃபிரிஸ்கோவில் இருந்தவரை அவன் என்னிடம் தமிழில் பேசியதே இல்லை. இங்கே தமிழ் பேச ஆள் தேடிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கைப் பையன்களோடு கிரிக்கெட் ஆடுகிறானாம்.

பையைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான். கேஸ்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது கடைல கிடைக்கும்னு அம்மாகிட்ட சொன்னேனே" என்று சிரித்தான். முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே வீடியோ கால் போட்டான்.

வித்யா உடனே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள். அவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "ஆன்ட்டிகிட்ட குடு" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன்.

"பத்மா, இளைச்சிருக்கானா? இந்த வீடியோல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நேர்ல பார்த்து சொல்லு."

ரோஹித் மேஜைக்கு அந்தப்பக்கம் நின்று என்னையே பார்த்தான். சட்டை தோளில் தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணால் வேண்டாம் என்றான்.

"இல்லப்பா" என்றேன். "நல்லா இருக்கான். கொஞ்சம் உயரமாகிட்ட மாதிரிகூட இருக்கு."

"நிஜமா?"

"நிஜமா" என்று சொல்லிவிட்டு, போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே பனி பெய்துகொண்டிருந்தது. செந்தில் என் பின்னால் வந்து நின்றார். வித்யா மகனிடம் எந்த ஸ்வெட்டரை உள்ளே போட வேண்டும், எதை மேலே போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.